கதவுப் பேனலைப் பலமாக இழுப்பது தீர்வன்று

காரில் ஸ்பீக்கர் மாற்றும்போது கதவின் உள்பேனல் வரவில்லையென்றால், ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தால் போதும் என்று கும்பகோணத்து நண்பர் எழுதியிருப்பது சரியன்று. பேனலைக் கதவோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் விட்ட பிறகும் பேனல் அசையவில்லையென்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு திருகு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள். கைப்பிடிக் குழியின் அடியிலும், கதவு திறக்கும் லீவருக்குப் பின்னாலும் உள்ள விரல்நக அளவு மூடியைப் பெயர்த்துப் பாருங்கள்; உள்ளே திருகு இருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகு கீழ் மூலையில் தொடங்கி, பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்கு மிக அருகில் நுழைத்துத் தளர்த்திவிட்டு, பேனலை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பல வண்டிகளில் அதன் மேல்விளிம்பு கண்ணாடியோரம் மாட்டியிருக்கும். பின்னால் லீவர் கேபிளும் பவர் விண்டோ ஒயரும் இருப்பதால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியலாம் என்று அவர் சொன்னதுதான். கண்ணாடியோரம் கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள துளைகளின் வழியே வெளியேறும்வரை, அதை இருக்கைப் பக்கம் வரவிடாமல் தடுப்பது அந்தத் தாளே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் டெல்டாவில் ஓடும் வண்டியில் அது இல்லையென்றால் தரைவிரிப்பு ஊறி நாறத் தொடங்கிவிடும். கறுப்புப் பசையைக் கத்தியால் மெல்ல அறுத்துத் தாளை முழுதாகப் பிரித்தெடுத்து, வேலை முடிந்ததும் இடைவெளியின்றித் திரும்ப ஒட்டுங்கள்.