ஆட வேண்டிய கொக்கி

அளவு டேப்பின் நுனியில் சின்னதாக ஓர் உலோகக் கொக்கி இருக்குமே, அது லேசாக ஆடும். விரலால் தள்ளினால் முன்னும் பின்னும் நகரும். என்னுடையது வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். மட்டமான சரக்கு என்று நானே முடிவுகட்டி, இரண்டு சொட்டுப் பசை விட்டு அசையாமல் ஒட்டிவிட்டேன். பெரிய வேலை செய்துவிட்ட திருப்தி வேறு.

பிறகு ஓர் அலமாரிக்காக மூன்று பலகைகள் அறுத்தேன். உள்ளளவு எடுத்து, பலகையில் குறித்து, கோடு பிசகாமல் அறுத்தேன். மூன்றும் ஒரு மில்லிமீட்டர் போலக் குறைந்தன. ஒன்று குறைந்தால் கை தவறிவிட்டது எனலாம். மூன்றும் ஒரே அளவு குறைந்தால்? டேப்பில் ஆட்டம் நின்றுவிட்டது, பலகைகள் ஆடின.

பக்கத்தில் நின்ற தச்சர் டேப்பை வாங்கி நுனியைத் தொட்டுப் பார்த்தார். "இத ஏன் சார் ஒட்டுனீங்க? இது ஆடணும் சார்" என்றார்.

விஷயம் இதுதான். கொக்கித் தகட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால், அளவு தகட்டின் உட்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் முட்டக் கொடுத்து அளந்தால், வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தத் தகட்டின் தடிமன்தான். அதனால் ரிவெட் உட்காரும் துளையை நீளவாக்கில் போட்டு, கொக்கி சரியாகத் தன் தடிமன் அளவுக்கு நகரும்படி விட்டிருக்கிறார்கள். இழுத்தால் வெளியே வரும், அழுத்தினால் உள்ளே போகும், எப்படி அளந்தாலும் கணக்கு நேராகிவிடும். இவ்வளவு அறிவோடு செய்த பொருளைத்தான் நான் ரிப்பேர் செய்திருக்கிறேன்.

அன்று பிடித்த கிறுக்கு. கண்ணில் படும் பொருளெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது: "உங்களுக்குத் தெரியுமா?" என்று வரும் தகவலுக்கு இரண்டு விளக்கங்கள் இருந்தால், சப்பென்று இருப்பதுதான் பெரும்பாலும் உண்மை. சுவையாக இருந்தால் யாரோ உட்கார்ந்து தாளித்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் வரும் கைக்கடிகாரங்களையே பாருங்கள். பெரும்பாலும் 10:10. அது ஆபிரகாம் லிங்கன் இறந்த நேரம், அஞ்சலியாக வைக்கிறார்கள் என்று உருக்கமாக ஒரு தகவல் சுற்றும். லிங்கனைச் சுட்டது 1865 ஏப்ரல் 14 இரவு பத்தேகாலை ஒட்டி. உயிர் பிரிந்தது மறுநாள் காலை 7:22. கென்னடி என்று இன்னொரு பாடம் உண்டு, அவர் சுடப்பட்டதோ பகல் 12:30. நிஜக் காரணம், 12க்குக் கீழே அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை முட்கள் மறைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஒத்தமாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். பழைய விளம்பரங்களில் 8:20 வைப்பதும் வழக்கமாக இருந்தது. அதில் முட்கள் கீழ்நோக்கி இருப்பதால் கடிகாரமே முகத்தைத் தொங்கப்போட்ட மாதிரி தெரியும். யாருடைய மரணமும் இல்லை, வெறும் வியாபாரம்.

செல்போனில் எண்கள் மேலிருந்து 1, 2, 3 என்று இறங்குகின்றன, கால்குலேட்டரில் மேலே 7, 8, 9. "கணக்கு மெஷினில் பழகியவர்கள் வேகமாகத் தட்டினால் தொலைபேசி இணைப்பகம் தாங்காது, அதனால் வேண்டுமென்றே தலைகீழாக்கினார்கள்" என்று ஒரு கதை. அமெரிக்காவில் பட்டன் தொலைபேசி விற்பனைக்கு வந்தது 1963இல். அதற்கு முன்பே பெல் ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து விதவிதமான அமைப்புகளைச் சோதித்து, 1960இல் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள். வட்டமாக ஒன்று, படிக்கட்டு போல ஒன்று, ஐந்தைந்தாக இரண்டு வரிசை என்று அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். பலவற்றுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வசதியான ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சதியும் இல்லை, சாகசமும் இல்லை.

ஆனால் இதன் பின்விளைவு எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. என் ஏடிஎம் ரகசிய எண் என்ன என்று கேட்டால் எனக்குச் சட்டென்று வாயில் வராது. தொடையில் விரலால் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூளைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதே எண்ணை ஒருநாள் கம்ப்யூட்டர் கீபோர்டின் வலது ஓரத்து எண்களில் அடித்தேன். விரல் வழக்கமான பாதையிலேயே போயிற்று, வந்தது வேறு எண். கால்குலேட்டர் வரிசை அது! இரண்டு முறை அடித்து, ரகசிய எண்ணை மறந்துவிட்டேன் என்றே பயந்துபோனேன்.

சரி, என் அபிப்பிராயத்துக்கு எதிர்சாட்சியும் இருக்கிறது, அதை மறைத்தால் நியாயமில்லை. கார் டாஷ்போர்டில் பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு முக்கோணம் இருக்கும். டாங்க் மூடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்க்கும். (படத்தில் உள்ள பம்பின் குழாய்தான் பக்கத்தைக் காட்டுகிறது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். முக்கோணத்தை மட்டும் பாருங்கள்.) இதை ஃபோர்டு கம்பெனியில் முதலில் சொன்னவர் ஜிம் மொய்லன் என்ற ஊழியர். 1986இல் ஒரு மழைநாளில் கம்பெனிக் காருக்குப் பெட்ரோல் போடப் போய், தப்பான பக்கம் நிறுத்தி நனைந்திருக்கிறார். திரும்பி வந்ததும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். இது ஃபார்வர்டாக வந்திருந்தால் கட்டுக்கதை என்று தள்ளியிருப்பேன். நடந்தது.

பேனா மூடியின் உச்சியில் இருக்கும் துளையையும் இதில்தான் சேர்க்க வேண்டும். மை காயாமல் இருக்க என்று நானும் சின்ன வயதில் நம்பினேன். யோசித்தால், காற்று போய்வந்தால் மை எப்படிக் காயாமல் இருக்கும்? குழந்தை மூடியைக் கடித்து விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டால், கொஞ்சமாவது மூச்சு போய்வரட்டும் என்பதற்காக வைத்த துளை அது. ஐஎஸ்ஓ 11540 என்று இதற்கென்றே சர்வதேசத் தரக்கட்டளை இருக்கிறது. நாம் சொன்ன விளக்கம் சப்பையாக இருந்தது, உண்மைதான் உள்ளே போய்த் தைக்கிறது.

கடைசியாக, வீட்டில் இருப்பதை வைத்தே நீங்கள் சோதிக்கக்கூடிய ஒன்று. வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் ஊற்றும் சத்தத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். நானும் முதலில் நம்பவில்லை. தண்ணீர் சூடாக ஆக அதன் பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓடவிடாத கொழகொழப்பு, குறையும். கொதிநிலையை நெருங்கும்போது சாதாரணத் தண்ணீருடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அது சிதறுவதும் குமிழ் விடுவதும் மாறுவதால் சத்தமும் மாறுகிறது. ஒரே மாதிரி இரண்டு டம்ளர், ஒரே உயரம், அவ்வளவுதான் தேவை.

நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன், மனைவி ஊற்றினார். குளிர்ந்த நீர் கணீரென்று விழுந்தது, வெந்நீர் சத்தம் கொஞ்சம் மந்தமாக, மெத்தென்று. பத்து முறையில் ஒன்பது சரியாகச் சொன்னேன். தவறிய ஒன்றுக்கு ரொம்ப நேரம் காரணம் தேடினேன். டம்ளரின் ஓரம், ஊற்றிய வேகம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். இரண்டையும் கலந்து ஊற்றினேன் என்று இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார்.