பட்டாவில் இருப்பது நானாம்!

‘பட்டாதாரர் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும் ஒன்றே. மாற்றம் தேவையில்லை. தள்ளுபடி.’

பட்டாவில் பெயர் மாற்றம் கேட்டு இ-சேவை மையத்தில் காத்துக் கிடந்து, பத்திரம் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியதை மறுபடியும் ஸ்கேன் போட்டு அனுப்பியதற்குக் கிடைத்த பிரசாதம் இது.

அது நான் இல்லை சாமி, என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர்! எங்கள் பக்கம் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள் என்பது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஐயாவும் பழனியப்பன் மகன் சிதம்பரம், நானும் பழனியப்பன் மகன் சிதம்பரம். 1936 கிரையப் பத்திரத்தில் ‘ராம.பழ.’ என்ற விலாசத்தோடு, அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகளோடு, ஐயா தெளிவாகத்தான் இருக்கிறார். 1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பித்தார்களே, அந்தப் புண்ணியவான்கள் விலாசத்தைக் கடாசிவிட்டு வெறும் சிதம்பரத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் போனார்கள். அரை டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன வயதில், எனக்கே தெரியாமல் நான் புஞ்சைக்காரன் ஆகியிருக்கிறேன்.

சரி, நேரில் சொன்னால் புரியும் என்று ஆபீசுக்கே போய் அதிகாரி முன்னால் நின்றேன்.

“பேர் உங்க பேர்தானே சார்?”

“பேர் என்னுதுதான். ஆள் நான் இல்லை.”

“தகப்பனார் பேர்?”

“அதுவும் அதேதான். ஆனா இவரு வேற பழனியப்பன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிலம் உங்க பேர்ல இருக்கு. இல்லைன்னு எழுதிக் குடுக்க வந்திருக்கீங்க?” பக்கத்து மேஜை வரைக்கும் சிரிப்பு.

ஐயாவுக்கு மூன்று மகன்கள், மூன்று வழிக்கும் சேர்த்துக் கூட்டுப் பட்டா வேண்டும் என்றேன். “அப்ப பட்டாவுல இருக்கிற சிதம்பரம் இறந்துட்டார்னு சான்று கொண்டாங்க.” ஐயா போனது ரங்கூனில், 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது. “அங்கேயே எழுதிக் கேளுங்க சார்.” யாருக்கு எழுத? பர்மா 1937-லேயே நம்மை விட்டுப் பிரிந்த தேசம். ‘குண்டு விழுந்த அன்று தங்கள் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தவர் சமூகத்துக்கு’ என்று ஆரம்பிக்கட்டுமா? “இல்லேன்னா கோர்ட்ல ஒரு தீர்ப்பு, டிக்ரி வாங்கிட்டு வந்துருங்க” என்றார், வரும் வழியில் இட்லி பார்சல் வாங்கிவரச் சொல்வதுபோல.

பத்திரம் இருக்கிறதே என்பீர்கள். 1908 பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலையே இல்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பட்டாவைக் காட்டினால், அது உரிமை ஆவணமே இல்லை என்று கோர்ட்டுகள் காலங்காலமாகச் சொல்கின்றன. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களைத் தாண்டி எதையும் காட்டாது. பிறகு யார்தானய்யா சொந்தக்காரன்? கிரையத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வாங்கும்போது மட்டும் இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

மலேசியாவில் ஈப்போவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன எங்கள் பங்காளிகளுக்கு இந்தப் பாடு இல்லை. அங்கே டோரன்ஸ் முறை, 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பதிவேட்டில் யார் பெயரோ நிலம் அவருக்கு. ஆனால் அதையும் இங்கே கொண்டுவந்தால் நம் ஆட்கள் முதல் நாளே அந்தப் பதிவேட்டில் வெறும் சிதம்பரம் என்றுதான் எழுதுவார்கள்.

ராத்திரி சிங்கப்பூரிலிருந்து சின்னப்பச்சி (சித்தப்பா) மகன் போன். “என்னண்ணே, எங்களைக் கேக்காமலே உங்க பேர்ல ஏத்திட்டீகளாமே?” அவன் பெயரும் சிதம்பரம். “உன் பேரும் அதுதானேடா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவன் சிரிக்க, நானும் சிரிக்க, ஐ.எஸ்.டி. காசுதான் வீண்.

இன்னொன்று. கேமராவோடு எங்கள் வீட்டு வளவுக்குள் (முற்றத்துக்குள்) நுழைந்து ரீல்ஸ் எடுக்கிறவர்களே, வாசலில் காய்வது படப்பிடிப்புக்கு வைத்ததில்லை. எங்கள் ஆத்தா போட்ட வத்தல். மிதிக்காமல் போங்கள்.