மீட்டர் விளக்கு மங்கினால் பெரிய ஃபியூஸ் போடலாமா?

"டேஷ்போர்டு வெளிச்சம் மங்கிடுச்சா? 10 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துட்டு 20 போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட. ஃபியூஸ் போனால் விளக்கு அணைந்தே போகும், மங்காது. பெரிய ஃபியூஸ் போட்ட வண்டியில் ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் உருகிவிடலாம்.

முதலில் டிம்மர் சக்கரத்தை, அதாவது மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரத்தைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு இறங்கியிருக்கலாம். பழைய கார்களில் பெரும்பாலும் அது வெறும் மாறுமின்தடை, உருட்ட உருட்ட மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம். உருட்டும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கலாம். பார்க்கிங் விளக்கைப் போட்டு, சக்கரத்தை முழு வெளிச்சத்தில் வைத்து மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். டிம்மருக்குள் 12 வோல்ட் போய், வெளியே 5 மட்டும் வந்தால் கோளாறு டிம்மரில்தான். வெளியேயும் 12 வந்தால் பல்பையும் எர்த்தையும் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு) சோதியுங்கள்.