மரைக்கு பிஸ்கட் தீத்தாதீர்கள் என்று எத்தனை தரம்தான் சொல்வது?

எங்களோடு ட்ரிப் வந்த ஒருத்தன் நேற்று இரவு அந்த வீடியோவைப் போட்டுவிட்டான். இலங்கை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் மரைக்கு, அதுதான் அந்தப் பெரிய மானுக்கு, பிஸ்கட் தீத்துகிற வீடியோ. கீழே ‘இயற்கையோடு இரண்டு நாள்’ என்று எழுதி ஒரு பச்சை இலையும் வைத்திருக்கிறான். எங்கட பட்ச் முழுக்க வரிசையில் வந்து இருதயம் போட்டிருக்கிறது, ‘சோ க்யூட்’ என்று ஒருத்தி, ‘மனுசன்டா நீ’ என்று இன்னொருத்தன். பார்த்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. வீடியோவில் வராத மிச்சத்தை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு இருதயம் போடுங்கள்.

நடைபாதை தொடங்குகிற இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள், போனவர்களுக்குத் தெரியும். பொலித்தீன் எல்லாம் வெளியே எடுக்க வேண்டும், தண்ணிப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுவார்கள். அன்றைக்கு அந்தக் குளிரில், விரல் விறைக்க விறைக்க, ஒரு வயதான ஐயா ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டு நின்றார். ஒருவருக்கும் ஏசவில்லை, பொறுமையாக ஒவ்வொரு பைக்கற்றையும் உடைத்து, பிஸ்கட்டைக் கடதாசியில் கொட்டித் தந்துகொண்டிருந்தார். இவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு பைக்கற்றை ஜக்கெற்றுக்குள் செருகி, சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனான். பத்து அடி போனதும் எங்கள் பக்கம் திரும்பி நெஞ்சில் தட்டிக் காட்டுகிறான், உள்ளே சரசர என்று சத்தம். கைதட்டினார்கள்! ஒரு வயதான மனுசனை ஏமாற்றினதற்குக் கைதட்டல்! பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள்!

நடந்த நடையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முகாமில் விடியவிடிய ஸ்பீக்கர் போட்டு ஆடினார்கள், விடிய எழும்பவில்லை. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கில் இருந்து மேகம் ஏறிவிடும், ஆறு மணிக்கே நடக்கத் தொடங்குவோம் என்று தொண்டை கிழியச் சொன்னேன். உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறும் வெள்ளைச் சுவர். 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிற பள்ளம், ஒரு மரம்கூடத் தெரியவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சியிலும் அதே கத்தல்தான். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அந்தக் காட்டு மரங்களில் இருக்கிறது, இலங்கையின் மத்திய மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை ஒருக்காவாவது பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையோடு போனேன். இந்தச் சத்தத்தில் எந்தப் பிராணி முன்னால் வந்து நிற்கும்?

மரை நின்றது. வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில், வருகிறவன் போகிறவன் எல்லாம் தீத்திப் பழக்கி வைத்திருக்கிற மரை. கிட்டப் போனால் அது என்ன அழகு! கழுத்து மயிர் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கிறது, மூக்கு நுனியில் தண்ணி முத்து முத்தாக நிற்கிறது, மூச்சு விடவிடப் புகை வருகிறது. இவன் பைக்கற்றைப் பாதி கிழித்து நீட்டினான். அது வாயைக் கொண்டுவரக் கையைப் பின்னுக்கு இழுத்தான். ஏனென்றால் அவனுடைய முகம் சரியாக விழவில்லையாம். ‘ஒருக்கா திருப்பி எடு மச்சான்.’ திரும்பவும் நீட்டினான், திரும்பவும் இழுத்தான். வெளிச்சம் காணாதாம், இந்தப் பக்கம் வந்து எடுக்கட்டாம். அது இரண்டு அடி முன்னால் வருகிறது, இவன் சிரித்துக்கொண்டு பின்னால் போகிறான். மூன்றாவது தரம் அதற்குப் பொறுமை இல்லை, பைக்கற்றோடு கவ்வி இழுத்தது. இவன் கையை விட்டுவிட்டான். வாயின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது, தாடை இடமும் வலமுமாக அசைய அசைய அந்த மூலை சின்னதாகி, பிறகு இல்லை.

பிடுங்கடா என்று நான் கத்தினேன். ‘விடு, அது துப்பிப்போடும்’ என்றான்.

துப்பவில்லை. மரை அசை போடுகிற பிராணி, இரைப்பையில் நாலு அறை. பொலித்தீன் அதற்குள் போனால் செமிக்காது, கரையாது, முதல் அறையில் கிடந்து திரளும். வயிறு நிறைந்தே இருக்கும், உடம்புக்கு ஒன்றும் சேராது, மெலிந்து மெலிந்து சாகும். இதை நான் அந்த இடத்திலேயே நின்று சொன்னேன். அதற்கு அவன் தந்த பதில்: ‘பசியோட நிண்டது, பாவம் எண்டு குடுத்தனான். நஞ்சே குடுத்தனான்?’

நஞ்சுதான் குடுத்தாய்! 3,160 ஹெக்டேயர் புல்லும் காடும் இருக்கிற இடத்தில் அதற்கு உன்னுடைய கிறீம் பிஸ்கட் இல்லாமல்தான் பசியா? 1988இல் தேசியப் பூங்காவாக்கி, 2010இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்த மலைநாட்டின் ஒரு துண்டு அது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் அங்கேயிருந்துதான் தண்ணி வருகிறது. நாளைக்கு வேறு யாரோ ஒருவர் சின்னப் பிள்ளையோடு வெறுங்கையாக இறங்கும்போது, கொம்போடு ஒரு கலை மரை சாப்பாடு கேட்டு முட்டினால், அப்போது மரையைத்தான் குற்றம் சொல்வீர்கள். கடைசிவரைக்கும் அவனுக்கு வெட்கம் வரவில்லை. வேனுக்குள் வந்து அந்த வீடியோவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான், நான் ‘ஓவரா’ கதைக்கிறேனாம், ட்ரிப்பைக் கெடுத்தேனாம்.

சரி, என்னுடைய கூடாரம் எங்கே? நான் கழற்றுகிறேன், கழுவித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவன் அவன்தான். இன்றைக்கு ஹொஸ்டல் வாசலில் ஈரத்தோடு சுருட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், விரித்தால் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், நாத்தம் தாங்க முடியவில்லை. ஆணிகளைக் காணவில்லை. போன் எடுத்துக் கேட்டால், ‘அது அங்கதான் மண்ணுக்குள்ள கிடக்கும் மச்சான், இழுத்துப் பாத்தன், வரேல்லை’ என்கிறான்.