வாழப்பாடி பஸ்

மூன்று மணிக்குக் கல்லூரி பஸ் வந்துவிடும். மாணவிகள் வார்டிலிருந்து கிளம்பிவிடுவார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவர்களின் வீட்டில் பாடு ஆரம்பிப்பதோ ஐந்தரைக்கு. பதினாறு வருடம் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்தியும் இது எனக்கு உறைக்கவில்லை. மாமியார்தான் உறைக்க வைத்தார்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீடு. காலையில் அத்தை தட்டுவடை செட்டில் காரம் போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தெளிவாக இருப்பார். வெயில் தாழ்ந்ததும் இரண்டு சேலையைத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "வாழப்பாடி பஸ் போய்விடும், அப்பா தேடுவார்." அவர் அப்பா இறந்து நாற்பது வருடம். படித்தவள் அல்லவா, நான் தினமும் திருத்தினேன். தினமும் அவருக்கு அன்றுதான் அப்பா செத்தார்.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க ஒரு மாலை மூன்றாம் ஆண்டு மாணவி வந்தாள். ஏற்காட்டுப் பக்கம் மலைக் கிராமம். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது அம்மாயி, அதற்குள் இந்தப் பூவைக் கட்டிக் கொடுங்கள்" என்றாள். அத்தை மூட்டையை மடியில் வைத்தபடியே ஒரு முழம் கனகாம்பரம் கட்டினார். பொய் சொல்லலாமா என்று பிறகு கேட்டேன். "வாழப்பாடிக்கு ராத்திரி வரைக்கும் பஸ் இருக்கிறதே, மேடம்!"

இதை அவள் என்னிடம் படிக்கவில்லை. வீட்டில் பாட்டியிடம் பழகியது. என் வகுப்பில் அவள் படித்தது, 1906-இல் அல்சைமர் என்ற மருத்துவர், பிறகு அவர் பெயரையே பெற்ற மறதி நோயின் முதல் நோயாளியைப் பற்றிப் பேசினார் என்பது. மாலையில் குழப்பம் கூடும் என்பது அதே நோட்டில் ஒரு வரி, அரை மதிப்பெண்.

அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், நாடு முழுக்க ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான்கு வருடப் படிப்பில் நான்கு மாலை, நான்கு முதல் எட்டு வரை, மாணவிகளை வீடுகளுக்கு அனுப்பினால் என்ன? பெண் பிள்ளைகள் இருட்டில் எப்படித் திரும்புவார்கள் என்கிறார்கள். இரவுப் பணிக்கு மட்டும் பஸ் கிடைக்கிறதே!

வீட்டில் பார்த்தால்தான் இன்னொன்றும் பிடிபடும். போன மாதம் அத்தை இரண்டே நாளில் ஆளே மாறி, யாரையும் கிட்டே விடவில்லை. நோய் முற்றிவிட்டது என்றார் என் கணவர். பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பழையபடி மூட்டை கட்ட ஆரம்பித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பருவத்துக்கு இரண்டு மாணவிகளை மாலையில் என் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வார்டன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.