ஊர்ப் பொதுச்சொத்தா என் சாம்பிள் ஆல்பம்?

என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அடித்து வைத்திருந்த கல்யாண சாம்பிள் ஆல்பம் கடையை விட்டுப் போய் இன்றோடு 26 நாள் ஆகிறது. "ஒரே ஒரு ராத்திரி தம்பி, வீட்டுல பெரியவங்ககிட்ட காட்டிட்டுக் காலையில நீங்க கடை திறக்கும்போது கொண்டாந்துடுறேன்" என்று சொல்லித்தான் அந்த அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போனார். ஆடி மாதம். ஒரு கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் விழுந்தால்தான் கடை வாடகையே கொடுக்க முடியும். அந்த நேரத்தில் வந்து கேட்பவரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் வாரம் போன் செய்தால் "மச்சான் வீட்டுல இருக்கு" என்றார். இரண்டாம் வாரம் அது சாத்தூரில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தது. மூன்றாம் வாரம் அருப்புக்கோட்டை. அங்கே யாருக்கோ வளைகாப்பாம், வந்த கூட்டம் பூராவும் புரட்டிப் பார்த்ததாம். "எல்லாரும் பிரமாதம்னு சொன்னாங்க தம்பி" என்று எனக்கே பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார். நான் இந்த மாதம் கோவில்பட்டி எல்லையைத் தாண்டவில்லை, என் ஆல்பம் மாவட்டம் தாண்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, இவ்வளவு பாராட்டியவர்கள் ஆர்டராவது கொடுத்தார்களா? போன வாரம் பக்கத்து ஊர் ஸ்டுடியோ தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, உங்க கடைப் பேர் போட்ட ஆல்பத்தை எடுத்துட்டு வந்து, அப்படியே இதே மாதிரி வேணும், ஆனா 15,000 ரூபா குறைச்சுப் பண்ணிக் கொடுங்கன்னு கேக்குறாங்க. என்னண்ணே சொல்றது?" என் கைக்காசில் அடித்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு இன்னொருவனிடம் பேரம். அவன் நல்ல பையன், சொல்லிவிட்டான். சொல்லாதவர்கள் எத்தனை பேரோ.

இதில் எவ்வளவு காசு புதைந்திருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? 12க்கு 36 இஞ்ச் சைஸ், 40 ஷீட். பிரிண்டும் பைண்டிங்கும் மட்டும் 6,000. மேல் அட்டையும் பெட்டியும் சேர்ந்து 2,500. டிசைன் செய்பவருக்கு ஷீட்டுக்கு 100 வீதம் 4,000. அப்புறம், அந்த ஒரு கல்யாணத்தில் எடுத்த நாலாயிரம் சொச்சம் படத்தில் இருந்து 250ஐப் பொறுக்கி எடுக்க நான் முழித்த ராத்திரிகள். அதற்கு யார் பில் போடுவது? ஆல்பம் பிரிண்ட் போடுகிற லேப்காரர்கள் சாம்பிள் ரேட் என்று கொஞ்சம் குறைத்துத் தருவார்கள்தான். ஆனால் பின் அட்டையில் அவர்கள் பெயரை அச்சடித்து விடுவார்கள். விளம்பரம் அவர்களுக்கு, அலைச்சல் எனக்கு.

"பிடிஎஃப் அனுப்ப வேண்டியதுதானே" என்று அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் வரும். அனுப்பிப் பார்த்துவிட்டேன் ஐயா. விரித்து வைத்தால் மூன்றடி நீளம் வருகிற ஷீட், போன் திரையில் ரெண்டு விரல் அகலப் பட்டையாகத்தான் தெரியும். கெட்டிமேளம் கொட்டும்போது மாப்பிள்ளையின் விரல் நடுங்குகிறது, பின்னால் நாத்தனார் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள், ஓரத்தில் பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். இது எல்லாம் ஒரே ஷீட்டில் இருக்கிறது. போனில் பார்த்தால் ஏதோ மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம். மடியில் வைத்துப் புரட்டினால்தான் ஆள் விழுவான். அது தெரிந்துதானே கடன் வாங்கி அடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் புரட்டுகிறவர்கள் படத்தையா பார்க்கிறார்கள்? ஒரு அத்தை ஆல்பத்தைக் கையில் தூக்கி எடை போட்டுவிட்டு, "கனமாத்தான் இருக்கு" என்று சர்டிபிகேட் கொடுத்தார். இன்னொருவர், "இந்தப் பொண்ணு எந்த ஊரு, என்ன ஆளுங்க, எத்தனை பவுன் போட்டாங்க?" என்று என்னிடம் விசாரணை. ஒரு மாமா ஆரம்பம் முதல் கடைசி வரை ஷீட்டை எண்ணினார். எண்ணி முடித்து, "எதிர்க்கடையில 45 சொன்னானே" என்றார். பெட்டிக்கு வெல்வெட்டா லெதரா என்று கேட்காதவர் கிடையாது. இந்தப் படத்துக்கு லைட் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டவர் பத்து வருஷத்தில் ஒருவர். அவரும் இன்னொரு போட்டோகிராபர்.

எரிச்சலில் எரிச்சல் இன்னொன்று. சில கடைகளில் சாம்பிள் ஆல்பத்தில் இருப்பது அவர்கள் எடுத்த கல்யாணமே இல்லை. எங்கேயோ காசு கொடுத்து வாங்கிய படங்கள், வேறு பெயர் போட்டு அடித்து வைத்திருப்பார்கள். ஒரே கேரளக் கசவுப் புடவைப் பெண்ணை, ஒரே படகில், மூன்று ஊர்க் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "அந்த மாதிரி இல்லையே உங்க ஆல்பம்?" என்கிறார்கள். அம்மா, இங்கே நம்ம ஊர் மண்டபம், டியூப்லைட், மேடைக்கு முன்னால் வீடியோகாரர் முதுகு. இதற்குள் நின்று எடுத்தது இது. நிஜமாக எடுத்தது.

அண்ணாச்சி கொண்டுபோன ஆல்பத்தை அடிக்க, அதில் இருக்கிற கல்யாணப் பெண்ணின் வீட்டாருக்கு 5,000 ரூபாய் குறைத்துக்கொண்டு சம்மதக் கையெழுத்து வாங்கினேன். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. நிறைய போட்டோகிராபர்களுக்கே இது தெரியாது, நான் ஒருமுறை சண்டை வந்து தெரிந்துகொண்டேன். "கடையில வச்சு மட்டும் காட்டுவேன்" என்று அந்தப் பெண்ணிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அண்ணா, எங்க சித்தி அருப்புக்கோட்டையில ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாங்க. அங்க கட்டில்ல என் கல்யாண ஆல்பம் கிடந்துச்சாம், சின்னப் பிள்ளைங்க கடலைமிட்டாய் தின்னுக்கிட்டே புரட்டுச்சாம். எப்படிண்ணா அங்க போச்சு?" கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "ஒரு ஆல்பத்துக்குப் போய் இப்படிக் குதிக்கிறீங்களே தம்பி, தின்னுட்டா போயிடுவோம்?" என்றார். அதோடு போனை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டயபுரத்தில் இருந்து ஒரு வீட்டார் வருகிறார்கள், ஆவணியில் முகூர்த்தம். மேசையில் வைக்க என்னிடம் இருப்பது 2017இல் அடித்த பழைய ஆல்பம் ஒன்றுதான். யாரோ ஈரக்கையோடு மூடி வைத்ததில், அதில் தாலி கட்டுகிற ஷீட்டும் அடுத்த ஷீட்டும் ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கின்றன.