மூன்றாவது மடக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வண்டியை மறித்து நிறுத்தினார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் ஒரு பழுப்பு நிற பியர் பாட்டிலின் படத்தைப் போட்டு அதன் மணத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்ததை அவருடைய மகன் காட்டியிருக்கிறான். "குடித்துக் கெட்ட குடும்பம் இந்தத் தெருவில் எத்தனை என்று உனக்கே தெரியும். இதில் குடியை ரசித்து வேறு எழுதுகிறாயா?" என்று கேட்டார். பையில் சங்கரா மீனின் ஐஸ் உருகி என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "வந்து பேசுகிறேன் அண்ணே" என்று நழுவிவிட்டேன். ஒரு வாரமாகக் கேள்வி விடவில்லை. பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் சித்தப்பா நாற்பத்திரண்டு வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். குடி நல்லது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் குடிப்பது மாதத்துக்கு ஒரு பாட்டில். கையில் சரக்கு இருக்கிற மாதம் இரண்டு. சரக்கு எங்கிருந்து வருகிறது என்றால், என் பள்ளித் தோழன் கப்பலில் எஞ்சினியர். ஒப்பந்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறும்போது வரியில்லாமல் ஒரு ஆள் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர். ஜெர்மன் அரை லிட்டர் பாட்டில் என்றால் நான்கு. பெல்ஜியத்து 330 மில்லி பாட்டில் என்றால் ஆறு. சரியாக 20 மில்லி மிச்சம். நான்கா, ஆறா என்று எங்களுக்குள் போனில் நடக்கும் பேச்சுவார்த்தை தொகுதிப் பங்கீட்டை விட மோசமாக இழுக்கும். தன் பங்கைக் கேட்காமல் எனக்காகச் சுமந்து வருகிறவன் அவன். அவனுக்கு விஸ்கி கூடப் பிடிக்காது, மோர்தான்.

படத்தில் இருந்தது ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கர்லா. புகை பியர். பியரில் புகை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த கதை. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து அரைப்போம் இல்லையா, பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் மால்ட், பியர் காய்ச்சுவது அதிலிருந்துதான். நமக்கு வெயில் இருக்கிறது. அவர்களுக்கு வெயிலை நம்பி ஒரு மூட்டை பார்லியைக் காயவைக்க முடியாது. அடுப்பு மூட்டினார்கள், விறகுப் புகை தானியத்தில் ஏறியது. ஒரு காலத்தில் அங்கே குடித்த பியரில் பெரும்பகுதி கொஞ்சமாவது புகைந்துதான் இருந்திருக்கும். பிறகு சூடான காற்றை மட்டும் உள்ளே அனுப்பும் உலைகள் வந்தன. புகை ஒரு குறையாகிப் போனது, எல்லாரும் விட்டுவிட்டார்கள். பாம்பெர்க்கில் இரண்டு வீட்டார் மட்டும் இன்றைக்கும் விறகை எரித்துத் தங்கள் மால்டைத் தாங்களே புகையில் காயவைக்கிறார்கள். ஒன்று ஷ்லெங்கர்லா, அதன் கட்டடம் 1405ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. இன்னொன்று 1536 முதல் இருக்கும் ஷ்பெட்சியால். விறகு பீச் மரத்துடையது. நம் பீச் இல்லை, மரத்துக்கே அந்தப் பெயர்.

முதல் மடக்கு யாருக்கும் பிடிக்காது. என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, கருவாடு சுட்ட தோசைக்கல்லைக் கழுவிய தண்ணீர் என்று தீர்ப்பு எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் புகைபோட்ட பன்றி இறைச்சி என்கிறார்கள். அதைச் சாப்பிடாதவனுக்கு அந்த உவமையால் என்ன பிரயோஜனம்? சரியாகச் சொன்னது என் அத்தை. முப்பது வருடம் கருவாடு விற்றவர். குவளையை வாங்கி மோந்து பார்த்தார், குடிக்கவில்லை. "மாசி" என்றார். அவ்வளவுதான். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கல் மாதிரி காயவைப்பார்களே, அந்த மாசிக் கருவாடு. பாம்பெர்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது. ஆனால் ஈரப்பொருளைப் புகையில் காயவைத்தால் என்ன மணம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது மடக்கில் கொஞ்சம் பழகும். மூன்றாவதில்தான் புகை பின்னால் போய், வறுத்த தானியத்தின் இனிப்பும் மெல்லிய கசப்பும் முன்னால் வரும். பாட்டிலில் எதுவும் மாறவில்லை. ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. வடசென்னைக்காரனுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடையாற்றிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் காசிமேடு முனையிலேயே கைக்குட்டையை எடுப்பார்கள். "என்ன நாற்றம்?" என்று நாம் அப்பாவியாகக் கேட்போம். மீன் வாடைக்குப் பழகியது சரி. கொடுங்கையூர் குப்பைமேடு எரிகிற இரவிலும், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்புகிற விடியலிலும் நாம் ஜன்னலைக் கூட மூடாமல் தூங்குவது அதே மூக்கின் வேலைதான். அதை நினைத்தால் குவளையைக் கீழே வைத்துவிடத் தோன்றும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இனி அந்தப் பெல்ஜியத்துப் பாட்டில்களுக்கு, டிராப்பிஸ்ட் பியருக்கு வருகிறேன். பலர் நினைப்பது போல் இது ஒரு சுவையின் பெயர் அல்ல, நம் காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கும் புவிசார் குறியீட்டைப் போல, யார் எங்கே செய்தார்கள் என்பதைச் சொல்லும் பெயர். டிராப்பிஸ்ட் மடங்கள் என்றால் மௌனத்தையும் உழைப்பையும் போற்றும் கத்தோலிக்கத் துறவிகளின் மடங்கள். 1997இல் அவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள், அறுகோண முத்திரை ஒன்று உண்டு. அது கிடைக்க மூன்று நிபந்தனைகள்: மடத்தின் வளாகத்துக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் கண்பார்வையில் நடக்க வேண்டும், வரும் பணம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். துறவிகள் இல்லாமல் போனால் முத்திரையும் போய்விடும். பெல்ஜியத்தின் ஆக்கெல் மடத்துக்கு 2021இல் அதுதான் நடந்தது. பியர் மாறவில்லை, பார்த்துக்கொள்ளத் துறவி இல்லை, முத்திரை போயிற்று. அந்தக் கறார் எனக்குப் பிடிக்கிறது. துறவி படத்தை லேபிளில் போட்டுத் தொழிற்சாலையில் காய்ச்சும் கம்பெனிகள் ஏராளம். அவற்றுக்கு இந்த முத்திரை கிடையாது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வெஸ்ட்ஃப்ளேட்டெரென் மடம். அவர்களுடைய 12 என்ற பியரை உலகின் முதலிடப் பியர் என்று ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மறுநாளே இரண்டாவது ஆலைக்குக் கடைக்கால் தோண்டியிருப்பார்கள். இவர்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. முன்பெல்லாம் வாங்க நினைப்பவர் போன் போட்டு, வண்டி எண்ணைச் சொல்லிப் பதிவு செய்து, மடத்து வாசலுக்கே போய் வாங்க வேண்டும். 2019இல்தான் இணையத்துக்கு மாறினார்கள். ஒரே ஒருமுறை, கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தபோது, 2011இல் பெல்ஜியத்திலும் அடுத்த ஆண்டு வெளிநாடுகளிலும் கடைகளில் விற்றார்கள். தேவை முடிந்தது, பழையபடி வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

விற்க முடிந்தும் விற்காமல் இருக்கும் இந்தப் பழக்கத்தை, 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் ஒரு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு படிப்பது வேடிக்கையாக இருக்கிறது. இங்கே கடைக்கும் குடிப்பவனுக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான்: "எவ்வளவு ஏறும்?" மணம் என்ன, எதிலிருந்து காய்ச்சியது என்று கேட்பவனைப் பின்னால் நிற்கிற வரிசை அடித்துவிடும். பனையிலிருந்து இறக்கும் கள்ளுக்குத் தடை, பிராந்திக்கு அரசுக் கடை. நான் கள் இயக்கத்துக்காரன் அல்ல, ஆனால் இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. சட்டம் நாக்கையும் மாற்றும். பெல்ஜியத்தில் 1919இல் மதுக்கூடங்களில் சாராய வகைகளை விற்கத் தடை போட்டார்கள், அங்கே பியர்கள் கனமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். இங்கே 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் வந்தபோது, ஒளித்துக் குடிக்கவும் ஒரே மூச்சில் குடிக்கவும் பழகினோம். 1971இல் தடை போனது, அவசரம் போகவில்லை.

போதையின் அளவுதான் பிரச்சினை என்றால் நான் பேசக்கூடாது. நம் ஊர் விதிப்படி ஸ்ட்ராங் பியருக்கு உச்சவரம்பு 8 சதவீதம். ரோஷ்ஃபோர் மடத்தின் 10 என்ற பியர் 11.3. ஆனால் அதை நின்றபடி மடமடவென்று ஊற்றிக்கொள்ள முடியாது. பேரீச்சம்பழம், கருப்பட்டிப் பாகு, கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்தில் வாங்கும் பிளம் கேக்கின் கருகிய ஓரம் எல்லாம் ஒன்றாக வரும். 330 மில்லிக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்த இடத்தில் அண்ணன் என்னை மடக்கலாம். தெருமுனைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு அது தினமும் கிடைத்தால் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் ஒழுக்கத்தில் பாதி, சரக்கு கிடைக்காததால் வந்த ஒழுக்கம். சித்தப்பாவுக்கு அந்த வேலி இருக்கவில்லை, அவருக்கு வேலை முடிகிற இடத்திலேயே கடை இருந்தது. ரசனை என்னைக் காப்பாற்றியது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

அரைகுறை ரசனையால் பட்டதும் உண்டு. பெங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் ஆசையாக ஷிமே நீலம் என்ற டிராப்பிஸ்ட் பியரைக் கேட்டேன். பனி உறைந்த கண்ணாடிக் குவளையில், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல் உட்பட மொத்தமாகக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். பாயசத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தது போல் நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். சிரித்தேன், ஏனென்றால் நான் செய்தது அதைவிட மோசம். வெஸ்ட்மாலே டிரிப்பெல் என்ற இன்னொரு டிராப்பிஸ்ட் பியரை, பொங்கலுக்கு வந்ததை, ஒளித்துவைப்பதாக நினைத்துப் பரணில் போட்டு மறந்துவிட்டேன். மே மாதம், மேலே தகரக் கூரை. திறந்ததும் விசிறியடித்து மின்விசிறி வரை நனைந்தது. அடியில் மிஞ்சிய இரண்டு விரல் அளவு, நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி. அதற்குப் பிறகு எல்லாம் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில், கொத்தமல்லிக்குப் பக்கத்தில். குடிப்பதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் சரியாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் ஓர்வால் என்ற டிராப்பிஸ்ட் பியர்தான். லேபிளில் வாயில் மோதிரத்தைக் கவ்விய மீன். மட்டில்டா என்ற சீமாட்டியின் மோதிரம் சுனையில் விழுந்தது, ஒரு மீன் அதை எடுத்துவந்து கொடுத்தது, அந்த இடத்தில் மடம் எழுந்தது என்பது கதை. சகுந்தலையின் மோதிரமும் மீன் வயிற்றில்தான் கிடைத்தது. ஆனால் நம் கதையில் மோதிரத்தைக் கொண்டுவந்த மீனவனைக் காவலர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். காசிமேட்டில் வளர்ந்தவனுக்கு எந்தக் கதை நிஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர்வாலில் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்ப்பதால் பாட்டிலுக்குள்ளேயே பியர் மாறிக்கொண்டிருக்கும். புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் என்ற, பியருக்குப் போடும் பூவின் கசப்பும் மணமும். ஒரு வருடம் போனால் கசப்பு அடங்கி, பழைய தோல் செருப்பும் ஈரக் கோணியும் கலந்த ஒரு வாடை எழும். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும், தெரியும். நாற்றம் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் வீட்டிலேயே ஊறுகாய் ஜாடி திறந்தால் என்ன வரும் என்று யோசிக்கட்டும்.

அண்ணே, நேரில் வந்து சொல்கிறேன் என்றேன், வருகிறேன். பாட்டில் கொண்டுவரமாட்டேன், அத்தை கொடுத்த மாசி கொஞ்சம் இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன். தோழன் கப்பலிலிருந்து இறங்குவது ஜனவரியில், போகிக்கு முன்பு. இம்முறை நான்கு, ஷ்லெங்கர்லா என்று பேசி முடித்திருக்கிறோம். அதுவரை காய்கறித் தட்டில் இருப்பது ஒரே ஒரு ஓர்வால், அதற்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.